பிடித்தவர் கட்டாத வரி

“வரி உங்களுடையது. கம்பெனி அதைப் பிடித்துக் கட்டுவது உங்களுக்குச் செய்யும் ஒத்தாசை. அதில் தப்பு வந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.” சம்பளத்தில் பிடித்த வரியில் குளறுபடி என்று யார் போய் நின்றாலும் இந்த மூன்று வாக்கியங்களும் வரிசை மாறாமல் வந்து விழும். ஹெச்.ஆர். பிரிவில் சொல்வார்கள். கம்பெனி ஆடிட்டர் சொல்வார். ஜூலை மாதத்தில் மட்டும் கூட்டம் சேரும் தெருமுனை ரிட்டர்ன் கடைக்காரரும் சொல்வார். கேட்டுக் கேட்டு, நோட்டீஸ் வாங்கிய ஊழியரே பக்கத்து மேசைக்காரருக்கு அதை எடுத்துச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. இதில் முதல் வாக்கியம் சரி. இரண்டாவது பொய். மூன்றாவது, என்ன தப்பு என்று கேட்காமலேயே சொல்லப்படுவதால், பெரும்பாலும் தப்பாகவே முடிகிறது.

ஒத்தாசைப் பேச்சை முதலில் பார்த்துவிடலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு, சம்பளம் கொடுப்பவர் கொடுக்கும்போதே வரியைப் பிடித்தாக வேண்டும் என்கிறது. பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். பிடிக்கத் தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 1.5 சதவீதம். அப்படிக் கட்டாதவரை 276பி பிரிவின் கீழ் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவலில் வைக்கலாம். ஒத்தாசை செய்யத் தவறியவரை எந்த ஊரில் ஏழு ஆண்டு உள்ளே வைக்கிறார்கள்? (2026 ஏப்ரல் 1 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் இருப்பது 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு. நான் பழைய எண்களையே சொல்கிறேன்; நடந்த வழக்குகளெல்லாம் அந்த எண்களில்தான் நடந்தன.)

இந்த ஏற்பாடு ஊழியரின் வசதிக்காகப் பிறந்ததும் அல்ல. பிரிட்டனில் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை 1944இல், போர்க்காலத்தில் வந்தது. அதுவரை வரி என்றால் என்னவென்று அறியாத லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வரி வளையத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி வசூலிக்க அரசுக்கு ஆளில்லை. ஆலை முதலாளி ஒருவரைப் பிடித்தால் ஆயிரம் பேர் வரி தானாக வந்து சேரும். இங்கேயும் கணக்கு அதுதான். “என் வரியை நானே கட்டிக்கொள்கிறேன், நீங்கள் பிடிக்க வேண்டாம்” என்று எந்த ஊழியரும் சொல்லிவிட முடியாது. வசூல்காரரை நியமித்தது அரசு. அவர் கணக்கைத் தணிக்கை செய்வது அரசு. அவரைத் தண்டிக்கும் அதிகாரமும் அரசிடம். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத ஊழியர் மட்டும் அவருடைய தவறுக்குப் பிணையாக நிற்க வேண்டும் என்பது எந்த நியாயம்? முதலாளிக்கு இந்த வேலைக்குக் கூலி கிடையாது, அது உண்மை. அந்தக் குறையை அவர் அரசிடம்தான் சொல்ல வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் தீர்த்துக்கொள்ளக் கூடாது.

இனித் தவறுகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் ‘டிடிஎஸ் பிரச்சினை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பிடித்த வரியைக் கட்டாமல் விடுவது ஒன்று. பிடிக்கவே மறப்பது, அல்லது குறைவாகப் பிடிப்பது வேறொன்று. பிடித்துக் கட்டியும், பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு யாரோ ஒருவர் கணக்கில் ஏற்றிவிடுவது இன்னொன்று. இவை ஒவ்வொன்றிலும் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டாலே யார் கட்ட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

பிடித்துவிட்டுக் கட்டாத வழக்கில் பணம் முதலாளியிடம் இருக்கிறது, அல்லது அவர் செலவழித்துவிட்டார். ஊழியரிடம் இல்லை. அவர் கைக்கு வந்தது பிடித்தம் போன மிச்சம். பேருந்தில் ஏறிக் கண்டக்டரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அன்றைய வசூலை அவர் டெப்போவில் கட்டவில்லை. நடுவழியில் ஏறும் பரிசோதகர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “டெப்போவுக்குப் பணம் வரவில்லை, மறுபடி எடு” என்று பயணியைக் கேட்பாரா? வருமான வரித் துறையின் டிமாண்ட் நோட்டீஸ் அதைத்தான் கேட்கிறது.

கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்லியிருப்பதுதான் வேடிக்கை. 205ஆம் பிரிவு மிகச் சிறியது. ஒருவர் வருமானத்திலிருந்து எவ்வளவு வரி பிடிக்கப்பட்டதோ, அந்த அளவுக்கு அவரையே கட்டும்படி கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசுக்கு ‘கட்டப்பட்ட’ அளவுக்கு என்று அது சொல்லவில்லை. ‘பிடிக்கப்பட்ட’ அளவுக்கு என்கிறது. 2007இல் மும்பை உயர் நீதிமன்றம், சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டாமல் விட்ட நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய வழக்கில் இதை உறுதி செய்தது: துறைக்கு வழி முதலாளியைத் துரத்துவதுதான், ஊழியர் பக்கம் திரும்பக் கூடாது. அதன் பிறகு கிங்ஃபிஷர் வந்தது. 2012 அக்டோபரில் அந்த விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. கொடுத்த சம்பளத்தில் பிடித்த வரியும் அரசுக்குப் போய்ச் சேரவில்லை. சம்பளத்தை இழந்தவர்களுக்கு அடுத்து வந்தது வரித் துறையின் டிமாண்ட். குஜராத்திலும் டெல்லியிலும் அதன் விமானிகள் உயர் நீதிமன்றம் போனார்கள், ஜெயித்தார்கள். இதற்கிடையில் மத்திய நேரடி வரிகள் வாரியமே 2015 ஜூன் 1 அன்று தன் அதிகாரிகளுக்கு எழுதியது: பிடித்தவர் கட்டாத வரிக்காகப் பிடிக்கப்பட்டவரிடம் வசூல் நடவடிக்கை வேண்டாம். அதை 2016 மார்ச்சில் மறுபடியும் எழுத வேண்டி வந்தது. முதல் கடிதத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதற்கு இரண்டாவது கடிதமே சாட்சி.

சட்டமும் நீதிமன்றமும் வாரியமும் ஒரே குரலில் சொன்ன பிறகும் நோட்டீஸ் ஏன் வருகிறது? இன்னொரு பிரிவு இருக்கிறது. பிடித்த வரி அரசுக்குக் கட்டப்பட்டிருந்தால்தான் ஊழியர் பெயரில் வரவு வைக்கலாம் என்கிறது 199. பெங்களூரிலுள்ள மையச் செயலாக்கக் கணினிக்கு 205 தெரியாது. அதற்குத் தெரிந்தது 26ஏஎஸ் என்ற வரி வரவுப் பட்டியல். அதில் தொகை இல்லையென்றால் வரவு இல்லை. வரவு இல்லையென்றால் பாக்கி. பாக்கி என்று ஒரு முறை பதிவாகிவிட்டால், அடுத்த ஆண்டு ஊழியருக்கு வர வேண்டிய ரீஃபண்டை 245ஆம் பிரிவைக் காட்டி அதில் கழித்துக்கொள்ளும். “நாங்கள் கேட்கவில்லையே, ரீஃபண்டைத்தானே ஈடுகட்டினோம்” என்பது துறையின் பதில். நேராக வாங்கக் கூடாததைச் சுற்றி வளைத்து வாங்குவதும் வாங்குவதுதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு, கோர்ட்டுக்குப் போனவருக்கு உடனே பலித்தது. போகாதவருடைய போர்ட்டலில் அந்த டிமாண்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. வசூலிக்கவும் மாட்டார்கள், அழிக்கவும் மாட்டார்கள். நாற்பதாயிரம் ரூபாய் பாக்கிக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட எத்தனை பேரால் முடியும்? பல பேர் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். “நீங்கள்தான் கட்ட வேண்டும்” என்ற வாக்கியம் ஊரில் உண்மைபோல் உலவுவதற்கு இந்தச் சோர்வும் ஒரு காரணம்.

முதலாளிகளுக்கு இதே சட்டம் காட்டும் பரிவையும் சொல்ல வேண்டும். ஊழியரோ ஒப்பந்தக்காரரோ தன் வரியைத் தானே கட்டிவிட்டால், பிடிக்கத் தவறிய கம்பெனியிடம் அதே வரியை இன்னொரு முறை வசூலிக்கக் கூடாது என்று 2007இல் இந்துஸ்தான் கோகோ-கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அது நியாயம்தான். பிற்பாடு அந்தக் கொள்கை சட்டத்துக்குள்ளேயே சேர்ந்தது. ஒரே வரியை இரண்டு முறை வாங்கக் கூடாது என்ற நியாயம் கம்பெனிக்குத் தானாகக் கிடைக்கிறது. ஊழியருக்கு வக்கீல் வைத்தால் கிடைக்கிறது.

அடுத்து வரும் வாதம், “26ஏஎஸ் பார்த்திருக்க வேண்டாமா? படித்தவர்தானே?” என்பது. சரி, பார்க்கட்டும். ஏப்ரல் மாதச் சம்பளத்தில் பிடித்ததைக் கம்பெனி மே 7க்குள் கட்ட வேண்டும். யாருக்காகக் கட்டினோம் என்ற காலாண்டு அறிக்கைக்கு ஜூலை 31 வரை நேரம். அது செயலாக்கப்பட்ட பிறகே ஊழியர் கண்ணுக்குத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தத்துக்கு மே 31. பிடித்தச் சான்றிதழான ஃபார்ம் 16க்கு ஜூன் 15. ஆக, ஏப்ரலில் நடந்த தவறு ஊழியருக்கு ஆகஸ்டில் தெரியலாம். அதற்குள் இன்னும் மூன்று சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது. சரி, தெரிந்துவிட்டது. அப்புறம்? திருத்த அறிக்கை தாக்கல் செய்யும் சாவி கம்பெனியிடம் மட்டும்தான். பான் எண் தவறாகப் பதிந்திருந்தாலும் அதை மாற்ற ஊழியருக்கு உரிமை இல்லை. கணக்காளருக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். வேலையை விட்டு வந்தவராக இருந்தால் அந்த மெயிலுக்குப் பதிலும் வராது. பார்க்க மட்டும் உரிமை உள்ளவரைப் பார்த்துத் திருத்தவில்லையே என்று குற்றம் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் ஊழியர் பக்கம் முழு நியாயம். பிடிக்காமல் விட்ட வழக்கு அப்படி நேர்கோடு அல்ல. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது.

கம்பெனி குறைவாகப் பிடித்தால் அந்தப் பணம் ஊழியர் கைக்கு வந்துவிட்டது. முந்தைய வேலையில் வாங்கிய சம்பளத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டார்கள், பழைய முறையா புதிய முறையா என்பதை மென்பொருளில் மாற்றி அமைத்தார்கள், போனஸை விட்டுவிட்டார்கள். எப்படி ஆனாலும் மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகவே கணக்கில் ஏறியது. அந்த வரியை ஊழியரே கட்ட வேண்டும் என்கிறது 191ஆம் பிரிவு. அதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்தவர் கணக்குப் பிழையால் ஒருவருடைய வரி குறைந்துவிடாது. என் மறுப்பு அதன்மேல் ஏறும் வட்டிக்கு.

ஒரு கணக்குக்காக, கம்பெனி 60,000 ரூபாய் குறைவாகப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊழியருக்கு அது ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது தெரிகிறது. முன்கூட்டி வரி கட்டவில்லை என்று 234பி பிரிவில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு மாதம் 1 சதவீதம்: 2,400 ரூபாய். நான்கு தவணைகளையும் தவறவிட்டதற்கு 234சி பிரிவில் 3,030 ரூபாய். மொத்தம் 5,430. கம்பெனி சரியாகப் பிடித்திருந்தால் இந்தத் தொகை பிறந்தே இருக்காது. சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவர் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று முன்வரித் தவணை கட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் இப்போது எதிர்பார்க்கிறது. முன்பு அப்படி இல்லை. பிடிக்கப்பட்டிருக்க வேண்டிய வரியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் முன்வரி. 2012ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 209ஆம் பிரிவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து அந்தக் கழிவை எடுத்துவிட்டது. திருத்தத்துக்கு முந்தைய ஆண்டுகளுக்கு இப்படி வட்டி போட முடியாது என்று 2021 செப்டம்பரில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதாவது, பிடிப்பவரின் தவறுக்குப் பெறுபவர் வட்டி கட்டுவது தொன்றுதொட்ட இயற்கை நியதி அல்ல. 2012இல் பட்ஜெட்டோடு உள்ளே வந்த ஒரு திருத்தம். அந்தத் திருத்தத்துக்கு முன்பும் வரி வசூல் நடந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வட்டியை யார் தர வேண்டும்? அதே தாமதத்துக்காகக் கம்பெனியிடமும் 201(1ஏ) பிரிவில் மாதம் 1 சதவீதம் வட்டி உண்டு, ஊழியர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள் வரை. ஏப்ரலிலிருந்து அந்த நாள் வரை இரண்டு பிரிவுகளும் ஒரே காலத்தைத் தொடுகின்றன. தாமதம் ஒன்று, வட்டிக்கு ஆள் இரண்டு. “அந்த 60,000 உங்களிடம்தானே இருந்தது, வங்கியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்குமே” என்கிறார்கள். மாதம் ஐயாயிரம் கூடுதலாக வருவது தன் சொந்தப் பணம் என்று நம்பியவர் அதை வைப்புநிதியிலா போட்டிருப்பார்? பள்ளிக் கட்டணத்துக்குப் போயிருக்கும். தவறு செய்த கணக்குப் பிரிவு எந்த நிறுவனத்துடையதோ அந்த நிறுவனம் 5,430 ரூபாயை ஊழியருக்குத் தந்துவிடுவதுதான் முறை. அப்படிச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பிடிக்கத் தவறிய முதலாளியைச் சட்டம் கண்டுகொள்ளாது என்று நினைப்பவர்கள் 2022 நவம்பர் 4 அன்று வந்த பாரத ஸ்டேட் வங்கித் தீர்ப்பைப் பார்க்கலாம். விடுமுறைப் பயணச் சலுகையில் ஊழியர்கள் இந்தியாவுக்குள் ஓர் ஊருக்குப் போவதாகச் சொல்லி, வழியில் வெளிநாட்டையும் சுற்றிவிட்டு வந்தார்கள். டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வளைந்த ஒரு பயணமும் அதில் இருந்தது. மதுரைக்கு இப்படியும் வழி உண்டு என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது, வரி பிடித்திருக்க வேண்டும், பிடிக்காத வங்கிதான் தவறியவர் என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. ஊழியர் சுற்றினார், பொறுப்பு வங்கியின் தலையில் நின்றது. “ஊழியர்தான் எப்போதும் கட்ட வேண்டும்” என்ற பேச்சுக்கு இந்தியாவின் மிகப் பெரிய வங்கியே மறுப்பு.

பிரிட்டனில் தொடக்கப்புள்ளியே வேறு. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, பிடித்தாரோ இல்லையோ, பிடித்திருக்க வேண்டிய வரிக்கு முதலாளி பொறுப்பு. தான் போதிய கவனம் எடுத்ததையும் தவறு நல்லெண்ணத்தில் நடந்ததையும் அவர் வரித் துறைக்குக் காட்டினால், அல்லது முதலாளி வேண்டுமென்றே பிடிக்கவில்லை என்பது ஊழியருக்குத் தெரிந்திருந்தால், அப்போதுதான் பாரம் ஊழியர் பக்கம் திரும்பும். நிரூபிக்க வேண்டிய சுமை முதலாளிக்கு. அமெரிக்காவில், சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால் அது அரசுக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஊழியருக்கு வரவு உண்டு. 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதைக் குறிப்பிட்டிருக்கிறது. வராத பணத்துக்கு, நிறுவனத்தில் காசோலையில் கையெழுத்துப் போடும் பொறுப்பில் இருந்தவரையே தனிப்பட்ட முறையில் முழுத் தொகைக்கும் பிடிக்கிறார்கள்.

வெளிநாடு போவானேன்? நம் ஊர் பே ஸ்லிப்பிலேயே, வருமான வரிக்கு அடுத்த வரியில் பிஎஃப் இருக்கிறது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதித் திட்டத்தில், தன் பங்கையும் ஊழியர் பங்கையும் சேர்த்து முதலில் கட்ட வேண்டியவர் முதலாளி. ஊழியர் பங்கை அவர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தந்த மாதச் சம்பளத்திலிருந்து மட்டும். இந்த மாதம் பிடிக்க மறந்துவிட்டு அடுத்த மாதம் சேர்த்துப் பிடிக்க முடியாது. தற்செயலான தவறு, எழுத்தர் பிழை என்றால் இன்ஸ்பெக்டரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஊழியர் பொய் உறுதிமொழி கொடுத்திருந்தால் மட்டும் பின்னாளில் பிடிக்கலாம். மற்றபடி மறந்தவர் கையிலிருந்துதான் போகும். இஎஸ்ஐ சட்டமும் இதே போக்கு: மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவரின் முக்கால் சதவீதப் பங்கைப் பிடிக்கத் தவறினால், பிந்தைய மாதச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பிடித்த தொகை முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பணம் என்று இரண்டு சட்டங்களும் சொல்கின்றன. கட்டாமல் விட்டால் நம்பிக்கை மோசடி வழக்கு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்று, திவால் நடவடிக்கைக்குள் போனபோது, கடன்காரர்கள் வரிசையில் நிற்காமல் ஊழியர்களின் பிஎஃபும் பணிக்கொடையும் முழுசாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்ல, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

ஆக, யார் தவறு செய்தார், எப்படிப்பட்ட தவறு, ஊழியர் பொய் சொன்னாரா என்றெல்லாம் பிரித்துப் பார்க்க நம் சட்டத்துக்குத் தெரியும். எழுபது ஆண்டுகளாகத் தெரியும். அதே காகிதத்தில் அடுத்த வரிக்கு வந்ததும் அந்தப் புத்தி மறந்துவிடுகிறது. ஊழியர் பொய் சொன்ன வழக்கை நானும் இந்தப் பக்கம் சேர்க்கவில்லை. குடியிருக்காத வீட்டுக்கு வாடகை ரசீது கொடுத்து, மாமனாரின் பான் எண்ணையும் எழுதி விலக்கு வாங்கியவர், பின்னால் வரியும் வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்போது கம்பெனியைக் காட்டக் கூடாது. ஒழுங்கான ரசீதைக் கொடுத்தவரையும் அவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் கேட்பது.

கம்பெனியின் தவறு கூடுதலாகக் கொடுத்துவிடுவதாகவும் இருக்கலாம். கனடாவில் 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளை அரசு ஓடவிட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் அரசு ஊழியர்களுக்கு அதன் வழியாகத்தான் சம்பளம். பலருடையது குழம்பியது. சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. கூடுதலாக வாங்கியவர்கள் திருப்பித் தரப் போனபோது, ஆண்டு மாறிவிட்டிருந்தால், கைக்கு வந்ததை மட்டும் தந்தால் போதாது. அதிலிருந்து வரியாகப் பிடிக்கப்பட்டதையும் சேர்த்து மொத்தமாகத் தர வேண்டும் என்றார்கள். பார்க்காத பணத்தையும் தந்துவிட்டு, வரித் துறையிடமிருந்து அது திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். 2019இல் கனடா அரசு சட்டத்தையே மாற்றி, கையில் கிடைத்த நிகரத் தொகை போதும் என்று இறங்கி வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் இதில் ஒரு படி மேலேயே போயிருக்கிறது. பஞ்சாப் அரசின் மேல்முறையீட்டில் 2014 டிசம்பர் 18 அன்று, அரசு தவறாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவந்தபோதும் திரும்ப வசூலிக்கக் கூடாது என்றது. தவறு ஊழியருடையதாக இல்லாதபோது அவர் வாழ்க்கையைக் குலைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. சம்பளத்துக்கே அந்த நியாயம் உண்டென்றால், 5,430 ரூபாய் வட்டிக்கு இல்லையா?

“இப்படியெல்லாம் முதலாளி தலையில் கட்டினால் சின்னக் கம்பெனிகள் தாங்காது” என்பார்கள். எதைத் தாங்காது என்று கேட்க வேண்டும். நேர்மையான கணக்குப் பிழைக்கு வட்டி தருவதையா? அது ஒரு நல்ல மென்பொருளின் சந்தாவைவிடக் குறைவு. பிடித்த வரியைக் கட்டுவதையா? அது முதலிலிருந்தே கம்பெனியின் பணம் இல்லை. பல இடங்களில் நடப்பது இதுதான்: சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லை, வங்கியில் ஓவர்டிராஃப்ட் முட்டிவிட்டது, டிடிஎஸ் சலானைத் தள்ளிப்போடு. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, ஈடு கிடையாது, கடன் விண்ணப்பம் கிடையாது. ஊழியர்களின் வரி அங்கே நடைமுறை மூலதனமாகிறது. கஷ்டத்தில் இருக்கும் சிறுதொழில் முதலாளிமீது எனக்கு இரக்கம் உண்டு. கடன் கொடுத்தவரைக் கேட்காமலேயே அவரிடம் கடன் வாங்கியதை இரக்கத்தால் மறைக்க முடியாது.

துறையின் கடைசி வாதம் கொஞ்சம் கனமானது. கட்டாத வரிக்கும் வரவு கொடுத்தால், பெயர்ப்பலகை மட்டும் உள்ள கம்பெனிகள் போலிச் சம்பளப் பட்டியல் எழுதி, போலி ஃபார்ம் 16 கொடுத்து, ஆளுக்கொரு ரீஃபண்ட் வாங்கிக்கொண்டு போய்விடும். நடக்கக்கூடியதுதான். ஆனால் சம்பளம் உண்மையா என்று பார்க்க வழியில்லாமல் இல்லை. மாதாமாதம் பிடித்தம் போக வங்கியில் ஏறிய தொகை, பே ஸ்லிப், பிஎஃப் கணக்கு, தொழில் வரி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் விவரம் கேட்டு எழுதவும், கம்பெனிக்கு நேரில் போய்ச் சோதிக்கவும் துறைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. சில மோசடிக்காரர்களுக்குப் பயந்து, ஆதாரத்தோடு வரும் எல்லா ஊழியரையும் கதவுக்கு வெளியே நிறுத்துவது விசாரிக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

அந்த வேலையைக்கூட முன்னதாகவே செய்திருக்கலாம். வரி பிடிக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு டான் எண் உண்டு. எந்த டானிலிருந்து சென்ற மாதம் எவ்வளவு வந்தது, இந்த மாதம் வந்ததா என்பது துறையின் கணினியிலேயே இருக்கிறது. முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து மாதாமாதம் வந்த சலான் ஒரு மாதம் வரவில்லை என்றால் 8ஆம் தேதி காலையே அது தெரிந்துவிடும். ஊழியருக்கு அது தெரிய இன்னும் பல வாரம், சில வேளை பல மாதம் ஆகும். முதல் மாதமே அந்தக் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் போயிருந்தால், அடுத்த பதினொரு மாதப் பிடித்தமாவது காப்பாற்றப்பட்டிருக்கும். முப்பது ஊழியருக்கு முப்பது டிமாண்ட் அனுப்பும் வேலையும் பெங்களூருக்கு மிச்சமாகியிருக்கும்.